குடும்பச் சிதைவும் கட்டிளமைப் பருவத்தினரின் கல்வியும் உளநலமும்

(க.பொ.த. சாதாரண தரம் – சுகாதாரமும் உடற்கல்வியும், குடியியற் கல்வி ஆகிய பாடங்களுக்கும் தமிழ்மொழிக் கட்டுரைக்கும் உதவக்கூடியது)



குடும்பம், உளநலம், சிறுவர் உரிமை ஆகியவை பல பாடங்களில் பல வடிவங்களில் வினாவாக வரக்கூடிய விடயங்கள். மாணவர் பலர் இதற்கென ஒரு வாக்கியத்தை மனனம் செய்து வைத்திருக்கின்றனர்: "பெற்றோர் பிரிவதால் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கித் தீய வழியிற் செல்வர்." இவ்விடை அரைகுறையானது. எதனால் பின்தங்குகின்றனர், எவ்வழியாகப் பின்தங்குகின்றனர், அதைத் தடுக்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. புள்ளிகள் கிடைப்பது அந்த மூன்றுக்குமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும. இதை வாசிக்கும் உங்களிற் சிலருக்கு இது பரீட்சை வினா மாத்திரமல்ல. வீட்டில் நாளாந்தம் நடப்பது. அவர்களையும் மனதிற் கொண்டே இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. ஆறுதலாகப் படியுங்கள்.

1. குடும்பத்தின் தொழிற்பாடுகள்

குடும்பம் சமூகத்தின் அடிப்படை அலகு. உணவு, உடை, உறையுள் என்பவற்றை வழங்குதல், பாதுகாப்பளித்தல், அன்பு காட்டுதல், சமூகமயமாக்கல், கல்விக்கு வழிகாட்டல் என்பன அதன் முக்கிய தொழிற்பாடுகள். இவற்றை நிறைவேற்றும் பெரியவர்கள் இருக்கும் வீடு, அங்கு தாய் மட்டும் இருந்தாலும் அம்மம்மா மட்டும் இருந்தாலும், தொழிற்படும் குடும்பமே.

இதனை நன்கு விளங்கிக் கொள்ளுங்கள். "ஒற்றைப் பெற்றோர் குடும்பம்" என்பதும் "சிதைந்த குடும்பம்" என்பதும் ஒன்றல்ல. 1983 முதல் 2009 வரையான போரினாலும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையாலும் எமது நாட்டில் ஏராளமான குடும்பங்கள் தந்தையையோ தாயையோ இழந்தன. அவற்றுள் பல இன்றும் ஒற்றுமையாகப் பிள்ளைகளைப் படிப்பித்து வருகின்றன. அவற்றைச் சிதைந்த குடும்பம் என்று விடைத்தாளில் எழுதுவது பிழை.

2. குடும்பச் சிதைவு என்றால் என்ன?

குடும்ப அங்கத்தவர்களுக்கிடையிலான உறவு முறிவடைந்து, குடும்பம் தனது தொழிற்பாடுகளைச் செய்ய முடியாத நிலையை அடைதல் குடும்பச் சிதைவு எனலாம். அதன் வடிவங்கள் வருமாறு:

• நீதிமன்றத்தின் மூலமான விவாகரத்து
• விவாகரத்தின்றிப் பிரிந்து வாழ்தல்
• பெற்றோரில் ஒருவர் குடும்பத்தைக் கைவிட்டுச் செல்லல்
• ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் ஓயாத சச்சரவு, வன்முறை, பேச்சுவார்த்தையின்மை

நான்காவது வடிவத்தை மாணவர்கள் பெரும்பாலும் எழுதத் தவறுகின்றனர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அவ்வீட்டில் எல்லோரும் சேர்ந்திருப்பதாகவே தெரியும். பிள்ளைக்கோ அதுவே மிகக் கடினமான வடிவமாக இருக்கலாம்.

காரணங்களாக மதுப்பாவனை, கடன்சுமை, வேலையின்மை, வீட்டு வன்முறை, இள வயதுத் திருமணம், திருமணத்துக்குப் புறம்பான உறவு, உறவினர் தலையீடு ஆகியவற்றைக் குறிப்பிடலாம். தாய் அல்லது தந்தை மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் செல்வது தானாகவே சிதைவு ஆகாது. அங்கிருந்து கிடைக்கும் பணத்தில் வீடு கட்டி, பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பிய தாய்மார் பலர். ஆனால் நீண்டகாலப் பிரிவுடன் நம்பிக்கையீனமும், அனுப்பிய பணம் வீண்செலவாவதும் சேரும்போது அது சிதைவுக்கு வழிவகுக்கலாம்.

3. இவ்வயதில் தாக்கம் ஏன் அதிகம்?

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையான காலத்தைக் கட்டிளமைப் பருவம் என வரையறுக்கின்றது. உளவியலாளர் எரிக் எரிக்சன், ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையான பருவத்தின் பிரதான சவால் "நான் யார்?" என்ற ஆளடையாளத்தைத் தேடுவது என்றார். தன்னைத் தேடும் ஒருவருக்குக் கால் ஊன்ற உறுதியான நிலம் தேவை. அந்த நிலம் குடும்பம். அது அசையும்போது தேடலும் தடுமாறுகின்றது.

சிறு பிள்ளைக்கு நடப்பது முழுமையாக விளங்காது. வளர்ந்தவருக்குத் தனி வாழ்க்கை உண்டு. கட்டிளமைப் பருவத்தினருக்கு எல்லாம் விளங்கும்; ஆனால் எதையும் மாற்றும் அதிகாரம் இல்லை. அத்துடன் அக்காலத்திலேயே சாதாரண தரப் பரீட்சையும் வந்து சேர்கின்றது.

4. கல்வியைப் பாதிக்கும் வழிகள்

"கல்வி பாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதாமல், பாதிப்பு வீட்டிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேரும் வழியை எழுதுங்கள்.

(அ) நித்திரையும் கவனக்குவிப்பும்: கட்டிளமைப் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. இரவு பதினொரு மணிக்குச் சண்டை தொடங்கும் வீட்டில் அது கிடைக்காது. மறுநாள் கணித பாடத்தில் இரண்டாம் படிமுறையை எழுதும்போதே முதலாம் படிமுறை மறந்துவிடும். இது மந்தபுத்தி அல்ல. மனம் வேறொரு கணக்கைச் செய்துகொண்டிருக்கின்றது.

(ஆ) வருமான இழப்பு: எமது நாட்டில் பாடசாலைக் கல்வி இலவசம், பாடநூலும் இலவசம். ஆயினும் பஸ் கட்டணம், சப்பாத்து, கொப்பி, பிரத்தியேக வகுப்புக் கட்டணம் என்பவற்றுக்குப் பணம் வேண்டும். இரண்டு பேரின் உழைப்பு ஒருவரின் உழைப்பாகக் குறையும்போது முதலில் நிற்பது வகுப்புக் கட்டணம். அடுத்து குறைவது பாடசாலை வரவு.

(இ) இடமாற்றம்: தாயுடன் அம்மம்மா வீட்டுக்குச் செல்லும் மாணவர் புதிய பாடசாலையில் சேர வேண்டும். தரம் 10, 11 இல் இது பெரும் சிக்கல். பழைய பாடசாலையில் தெரிவு செய்த தொகுதிப் பாடம் புதிய பாடசாலையில் இல்லாமற் போகலாம். சங்கீதம் படித்தவர் ஓராண்டு கழித்துச் சித்திரத்தைத் தொடங்க நேரிடலாம்.

(ஈ) பொறுப்புச் சுமை: மூத்த பெண்பிள்ளை சமைத்து, தம்பி தங்கையரைக் கவனித்துவிட்டுப் பாடசாலைக்கு வருகின்றாள். மூத்த ஆண்பிள்ளை கடையிலோ, வயலிலோ, கடலிலோ வேலை தேடுகின்றான். இடைவிலகல் பெரும்பாலும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. திங்கட்கிழமை வராமையில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நாளாகி, பின்னர் முற்றாக நிற்கும்.

(உ) மேற்பார்வை குறைதல்: "எங்கே போகிறாய், எப்போது வருவாய்" என்று கேட்க ஆளில்லாத வீட்டில் இரவு முழுவதும் கைத்தொலைபேசி, பிழையான சகபாடிகள், போதைப்பொருள் அறிமுகம் என்பன இலகுவாக நுழையும்.

(ஊ) தூது செல்லல்: "உன் அப்பாவிடம் காசு கேள்", "உன் அம்மா யாருடன் கதைக்கிறாள் என்று பார்த்துச் சொல்" என்று பெற்றோர் பிள்ளையைத் தூதுவராகவோ உளவாளியாகவோ ஆக்குவதுண்டு. ஒருவருக்கு உண்மையாக இருந்தால் மற்றவருக்குத் துரோகம் என்ற நிலை பிள்ளைக்கு ஏற்படுகின்றது. இவ்வழியைச் சொந்த உதாரணத்துடன் விளக்கினால் விடை தனித்துத் தெரியும்.

5. உளநலத்தின் மீதான தாக்கம்

• குற்றவுணர்வு: "எனது படிப்புச் செலவால்தான் சண்டை", "நான் ஒழுங்காக இருந்திருந்தால் அப்பா போயிருக்க மாட்டார்" என எண்ணுதல்.
• வெட்கம்: பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வராமை, ஊராரின் பேச்சு என்பவற்றால் நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல்.
• கோபம்: ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசுதல், சண்டை பிடித்தல். கோபம் வீட்டுக்குரியது, வெளிப்படும் இடம் பாடசாலை.
• பதகளிப்பு: அடுத்து என்ன நடக்குமோ என்ற ஓயாத பயம், வயிற்றுவலி, தலைவலி.
• மனச்சோர்வு: விருப்பமான விளையாட்டிலும் நாட்டமின்மை, பசியின்மை, தன்மேல் வெறுப்பு.

சிலர் துயரத்தை வெளியே கோபமாகக் காட்டுவர். சிலர் உள்ளே அடக்கி அமைதியாக இருப்பர். அமைதியாக இருப்பவருக்குப் பிரச்சினை இல்லை என முடிவு செய்யக் கூடாது. சோகமும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் உதவி தேவை. உயிர் வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

6. பிரிவா, சச்சரவா அதிகம் பாதிக்கின்றது?

1991 இல் அமெரிக்க ஆய்வாளர்களான போல் அமாட்டோ, புரூஸ் கீத் ஆகியோர் விவாகரத்தும் பிள்ளைகளும் பற்றிய 92 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தனர். அவற்றுள் 13,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் அடங்கினர். பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் கல்வி அடைவிலும் உளநலத்திலும் சராசரியாகச் சற்றுக் குறைந்திருந்தனர். ஆனால் இரு சாராருக்கும் இடையிலான வேறுபாடு பலர் நினைப்பதைவிடச் சிறிதாகவே இருந்தது. பாதிப்பை விளக்கும் காரணங்களுள் பெற்றோருக்கிடையிலான சச்சரவுக்கே கூடிய ஆதாரம் கிடைத்தது.

இது அமெரிக்கச் சூழலுக்குரிய முடிவு. ஆயினும் அதிலிருந்து நாம் பெறக்கூடிய விளக்கம் பெறுமதியானது. குடும்பச் சிதைவு ஓர் அபாயக் காரணி, தலைவிதி அல்ல. சச்சரவு குறைந்து, ஒரு பெரியவரின் உறுதியான அன்பு கிடைத்து, பாடசாலை வரவு ஒழுங்காக இருந்தால் பிள்ளை மீண்டெழ முடியும். இம்மூன்றையும் பாதுகாப்புக் காரணிகள் என எழுதுங்கள்.

7. சட்டமும் சிறுவர் உரிமைகளும்

• ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை 1991 இல் அதனை ஏற்புறுதி செய்தது. 18 வயதுக்குட்பட்ட அனைவரும் சிறுவர்.
• உறுப்புரை 9: பெற்றோர் பிரிந்தாலும், நலனுக்குக் கேடில்லாதவிடத்து, இருவருடனும் தொடர்பைப் பேணும் உரிமை பிள்ளைக்கு உண்டு.
• உறுப்புரை 12: தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறும் உரிமை.
• உறுப்புரை 18: பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு இரு பெற்றோருக்கும் பொதுவானது.
• 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம்: வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்காத பெற்றோருக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் மாதாந்தக் கொடுப்பனவு கோரலாம்.
• 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம்: பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம்.
• கட்டாயக் கல்வி வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக்கப்பட்டது.

8. சம்பவக் கற்கை

பின்வரும் சம்பவத்தை வாசித்து வினாக்களுக்கு விடை தருக.

தரம் 10 இல் கற்கும் மாணவி ஒருத்தி முதலாம் தவணையில் வகுப்பில் நான்காம் இடம் பெற்றாள். இரண்டாம் தவணையில் தந்தை வீட்டை விட்டுச் சென்றார். தாய் தையல் வேலைக்குச் செல்லத் தொடங்கினார். மாணவி காலையில் சமைத்து, தம்பியைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தாமதமாக வருகின்றாள். நண்பிகள் கேட்டால் "அப்பா கொழும்பில் வேலை" என்கிறாள். இத்தவணையில் அவளது இடம் இருபத்தொன்று. வகுப்பாசிரியர் அவளைக் கவனயீனமானவள் என்று எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார்.

(i) மாணவியின் அடைவுமட்டம் குறைந்தமைக்கு இரு காரணங்கள் தருக.
(ii) "அப்பா கொழும்பில் வேலை" என்று கூறுவதில் வெளிப்படும் மனவெழுச்சி யாது?
(iii) வகுப்பாசிரியர் செய்திருக்க வேண்டியது யாது?
(iv) குடும்பத்துக்குச் சட்டரீதியாகக் கிடைக்கக்கூடிய உதவி ஒன்றைக் குறிப்பிடுக.

விடைக் குறிப்பு

(i) வீட்டுப் பொறுப்புச் சுமையால் படிக்கும் நேரம் குறைந்தமை. தாமத வரவால் முதற் பாடவேளையை இழந்தமை. (தந்தையின் பிரிவால் ஏற்பட்ட கவலை கவனத்தைச் சிதைத்தமையும் பொருந்தும்.)
(ii) வெட்கம். சமூகம் தன்னைத் தாழ்வாக மதிக்கும் என்ற பயமும் இதில் அடங்கும்.
(iii) தனியாக அழைத்துக் காரணம் கேட்டல், இரகசியம் பேணல், உளவளத்துணை ஆசிரியரிடம் வழிப்படுத்தல், தவறிய பாடங்களுக்கு உதவுதல்.
(iv) பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தந்தையிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு கோருதல்.

நான்காம் இடமும் இருபத்தொராம் இடமும் ஒரே மாணவியுடையவை. அவளது திறமை ஒரு தவணையில் மறைந்துவிடவில்லை. நேரமும் நித்திரையும் நிம்மதியுமே குறைந்தன. விடை எழுதும்போது பிள்ளையைக் குறை கூறாமல் சூழலை ஆராயுங்கள்.

9. உங்கள் வீட்டிலேயே இந்நிலை இருந்தால்

• பெற்றோரின் பிரிவுக்குப் பிள்ளை காரணமல்ல. அது இரு வளர்ந்தவர்களுக்கிடையிலான விடயம். இதை ஒரு தாளில் எழுதிக் கொப்பியில் வைத்துக்கொண்டாலும் நல்லது.
• தூது செல்ல மறுக்கலாம். "அதை நீங்களே அப்பாவிடம் சொல்லுங்கோ அம்மா" என்று மரியாதையாகச் சொல்வது அவமரியாதையல்ல. அடி, வன்முறை நிகழும் வீட்டிலோ இடையில் நின்று தடுக்க முயலாமல், தம்பி தங்கையுடன் பாதுகாப்பான அயல் வீட்டுக்குச் செல்லுங்கள்.
• பாடசாலைக்கு வருவதை நிறுத்த வேண்டாம். படிக்க முடியாத நாளிலும் வந்து இருங்கள். வீட்டில் எல்லாம் மாறும்போது, மாறாமல் இருக்கும் மணியோசையும் நேரசூசியும் மனதுக்குப் பிடிமானம்.
• வீட்டில் படிக்க இயலாவிடில் இடத்தை மாற்றுங்கள். பாடசாலை நூலகம், பொது நூலகம், கோயில் மண்டபம், நண்பர் வீடு எதுவாயினும் சரி. சண்டை இரவில் என்றால் அதிகாலையில் ஒரு மணித்தியாலம் படியுங்கள்.
• பாடசாலை மாற நேர்ந்தால் விடுகைப்பத்திரத்தைத் தாமதமின்றிப் பெற்று, தொகுதிப் பாடங்கள் பற்றிப் புதிய அதிபரிடம் முதல் நாளே கேளுங்கள். பாடசாலைப் பரீட்சார்த்திகளின் விண்ணப்பங்கள் அதிபர் மூலமே அனுப்பப்படுகின்றன. எனவே பெற்றோரின் பிரிவால் ஆவணச் சிக்கல் ஏதும் வந்தால் மறைக்காமல் நேரத்துடன் அவரிடம் சொல்லுங்கள்.
• ஒரு பெரியவரிடமாவது பேசுங்கள். வகுப்பாசிரியர், உளவளத்துணை ஆசிரியர், மாமி, சித்தப்பா, மதகுரு என யாராகவும் இருக்கலாம். முதலாமவர் செவிமடுக்காவிடில் இரண்டாமவரிடம் செல்லுங்கள்.
• பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும், உளவளத்துணை சேவையையும் நாடலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம் 1926.

உங்கள் நண்பரின் வீட்டில் இந்நிலை இருந்தால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். கேட்டதை வகுப்பில் பரப்பாதீர்கள். வராத நாளின் குறிப்புகளை எழுதிக் கொடுங்கள். இடைவேளையில் பக்கத்தில் இருங்கள். ஆனால் நண்பர் தன்னுயிருக்கு ஆபத்து விளைவிக்கப் போவதாகவோ, வீட்டில் துன்புறுத்தப்படுவதாகவோ சொன்னால் அந்த இரகசியத்தைக் காக்கக் கூடாது. உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பு அல்ல, காப்பாற்றுதல்.

10. நினைவிற் கொள்க

1. ஒற்றைப் பெற்றோர் குடும்பம் யாவும் சிதைந்த குடும்பமல்ல.
2. சேர்ந்து வாழ்ந்தும் ஓயாது சண்டையிடும் குடும்பமும் சிதைவடைந்ததாகலாம்.
3. பாதிப்பு வரும் வழிகள்: நித்திரை, வருமானம், இடமாற்றம், பொறுப்பு, மேற்பார்வை, தூது.
4. பாதுகாப்புக் காரணிகள்: சச்சரவு குறைதல், உறுதியான ஒரு பெரியவர், ஒழுங்கான வரவு.
5. பெற்றோர் கணவன் மனைவி உறவை முறிக்கலாம். தாய், தந்தை என்ற பொறுப்பு முறிவதில்லை.

பயிற்சி வினாக்கள்

1. குடும்பச் சிதைவின் வடிவங்கள் நான்கினைக் குறிப்பிடுக.
2. பெற்றோருக்கிடையிலான சச்சரவு கட்டிளமைப் பருவத்தினரின் கவனக்குவிப்பைப் பாதிக்கும் விதத்தை விளக்குக.
3. பெற்றோர் பிரிந்து வாழும் மாணவர் ஒருவருக்குப் பாடசாலை வழங்கக்கூடிய உதவிகள் மூன்று தருக.
4. "குடும்பச் சிதைவு ஓர் அபாயக் காரணி, தலைவிதி அல்ல." இக்கூற்றை உதாரணங்களுடன் ஆராய்க.
5. "வீடு அமைதியானால் கல்வி சிறக்கும்" எனும் தலைப்பில் கட்டுரை எழுதுக.

நான்காம் வினாவை எல்லோரும் எழுதிப் பாருங்கள். அதற்கு உங்கள் வாழ்க்கையிலிருந்தே விடை எழுத வேண்டியவர்கள் அவசரப்பட வேண்டாம். இப்போது பாதி எழுதினால் போதும். மீதியை எழுதுவதற்குப் பரீட்சை மண்டபத்துக்கு வந்து சேருங்கள்.